முப்பத்தேழு டிகிரி

ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் திரை மறுபடியும் கறுத்தது. லிம்பெர் மேசையை ஓங்கிக் குத்தினான். பழைய கிராபிக்ஸ் கார்டைச் சந்தையில் வாங்கி வந்ததிலிருந்து இதே எழவு. டிரைவரை மாற்றினான், பவர் சப்ளையை மாற்றினான், சூடு கடத்தும் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினான். எண்பது டிகிரி கொதிக்க வேண்டிய கார்டு எப்போதும் முப்பத்தேழிலேயே நின்றது.

"நம்ம உடம்புச் சூடுடா அது," என்றாள் அக்கா யெசெனியா. "வாங்கின அன்னைக்கே பீர் தெளிச்சு பூமித்தாய்க்குப் படைச்சிருக்கணும். ஃபிரிட்ஜுக்கே தெளிச்சோமே!"

"கரன்ட் ஓடுற சாமானுக்கு பீரா? வாயை மூடுக்கா!"

திரை ஒளிர்ந்து மீண்டும் அணைந்தது.

"செத்துத் தொலை, சனியனே!"

சுவிட்சை அணைத்து, கார்டைப் பிடுங்கி, உறைபனி படிந்த முற்றத்தில் வீசினான். தென்கோளத்து மலைநகரம் எல் ஆல்ட்டோவின் ஜூலைக் குளிர் முகத்தில் அறைந்தது. யெசெனியா திட்டிக்கொண்டே பீர் பாட்டிலோடு வெளியே போனாள்.

அவன் திரும்பியபோது திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. கார்டில் செருகியிருந்த கேபிள் வெறுமனே தொங்கியது. திரையின் மூலையில் வெப்பநிலை முப்பத்தைந்து. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலிருந்த எல்லா பிளக்குகளையும் உருவினான். முப்பத்திரண்டு. கெட்ட வார்த்தையில் கத்தினான். இருபத்தொன்பது.

ஜன்னலுக்கு ஓடினான். யெசெனியா முற்றத்தில் குந்தியிருந்தாள். பனியைத் துடைத்த கார்டு அவள் சால்வைக்குள், மார்போடு இருந்தது.

"அதைக் கீழே போட்டுத் தொலைக்கா!"

அவள் நிமிரவில்லை. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பின்னால், திரையில், இருபத்தொன்பது முப்பதாயிற்று.