பழைய பாஸ்வேர்டு

"லேப்டாப்புல தேவையில்லாத சாஃப்ட்வேர் பேக்கேஜை எல்லாம் கிளீன் பண்ணேன் பாஸ். இப்ப ஆன் பண்ணா பாஸ்வேர்டு கேக்குது," என்றான் சிவேந்திரன்.

பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரஃபீக், லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"பூட்டியிருக்கிற டிஸ்க்கைத் தானா திறந்துவிடுற பேக்கேஜையும் சேர்த்து அழிச்சிட்டீங்க. முதல்ல லினக்ஸ் போட்டப்ப ஒரு பாஸ்வேர்டு வச்சிருப்பீங்களே, அது வேணும்."

"மறந்துடுச்சு லா."

"நடுவுல மாத்தினீங்களா?"

"இல்லவே இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி வச்சது, எப்படி ஞாபகம் இருக்கும்? எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்க."

"ஐயோ, பிள்ளை பொறந்ததுல இருந்து எடுத்த படமெல்லாம் அதுலதான் இருக்கு!" மனைவி ஜெயமாலா பதறினாள். "கொஞ்சம் யோசிங்களேன்."

சிவேந்திரன் எழுந்தான், உட்கார்ந்தான், வாசலை எட்டிப் பார்த்தான். "காருக்குப் பார்க்கிங் சம்மன் போட்டுடுவாங்க. சீக்கிரம் அழிங்க பாஸ்."

அம்மா மடியிலிருந்த தர்ஷிகா கீபோர்டை இழுத்தாள். "நான் டைப் பண்றேன்!"

"ஏய், கை வைக்காதே!"

"விடுங்க பாஸ், பிள்ளைதானே," என்றார் ரஃபீக்.

தர்ஷிகாவுக்கு அடிக்கத் தெரிந்தது அவள் பெயர் மட்டும்தான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடித்தாள். ரஃபீக் விளையாட்டாக என்டரைத் தட்டினார்.

டிஸ்க் திறந்துகொண்டது.

"அட, பாப்பா பேரையே வச்சிருக்கீங்க!"

ஜெயமாலாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருங்க தர்ஷிகா?"

"நான்தான்மா!" என்றாள் மகள்.