சுவருக்கு அந்தப் பக்கம்

மலாயாவின் மூவார் ஊர் அரசாங்க ஆபீசில், கருப்பண்ணனின் பென்ஷன் மனுவைப் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வேதமாணிக்கம் திருப்பிக் கொடுத்தார்.

"இங்க வேலை பாத்ததுக்கு சாட்சி வேணும், பெரியவரே. இருபது வருஷமா இதே நாற்காலியில இருக்கேன், உங்க முகத்தையே பாத்ததில்லையே!"

"நானும் உங்களப் பாத்ததில்லீங்க ஐயா. மத்தியானம் உங்க குறட்டையத்தான் கேட்டிருக்கேன். பங்காக் கயிறு நின்னா முழிச்சிருவீங்களேன்னு, வெளியில உக்காந்து ஒரு கையால கஞ்சி குடிச்சிக்கிட்டே இழுப்பேன்."

வேதமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார். கயிறு இழுத்தால் காற்று வீசும் பழைய துணிப் பங்கா தொங்கிய இடத்தில் மின்விசிறி சுழன்றது. கயிறு வந்த சுவர் ஓட்டையைச் சுண்ணாம்பு பூசி அடைத்திருந்தார்கள்.

மனுவை வாங்கி, சாட்சி என்ற இடத்தில் தம் பெயரை எழுதினார்.

"அந்தக் காத்து இந்த விசிறியில வரல, அண்ணே."