மனு அறையின் கடவுச்சொல்

கைதியைத் திரையில் பார்த்துப் பேசும் சிறைக் காணொலி மனுவுக்குக் கடவுச்சொல் எழுத்தோ எண்ணோ அல்ல. கைதிக்கும் மனுவில் பெயர் பதிந்தவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு சம்பவத்தை வாயால் சொல்ல வேண்டும். கைதியின் நினைவோடு அது பொருந்தினால் திரை திறக்கும். சொல்வதெல்லாம் பதிவாகும். ஒருமுறை சொன்னது மறுமுறை செல்லாது.

கணவன் சிறைக்குப் போன பதினோரு வருடத்தில் சுடலி எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்திருந்தாள். முதல் முத்தம், மாமியாருக்குத் தெரியாமல் தின்ற பரோட்டா, மாசானம் அவள் காலைப் பிடித்து அழுத நாள்.

இன்று சொன்ன இரண்டும் பழையவை.

"இன்னொரு தடவ தப்பாச் சொன்னா மனு நிரந்தரமா ரத்தாயிரும்க்கா" என்றார் மேசையிலிருந்த பெண் காவலர்.

மகள் பொன்மலருக்கு மறுநாள் கல்யாணம். அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்க வந்திருந்தாள். "ஒண்ணு கூடவா இல்லாம போச்சு? நல்லா யோசிம்மா."

சுடலி மைக்கருகே குனிந்தாள்.

"அன்னைக்குக் கொழுந்தன வெட்டுன அருவா என் கையிலதான் இருந்துச்சு. அவுகதான் அதப் பிடுங்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனாவ."

பச்சை விளக்கு எரிந்தது. 'பொருந்தியது. கடவுச்சொல் மிக வலுவானது.'

திரையில் மாசானத்தின் நரைத்த முகம் தெரிந்தது. மகளைப் பார்த்ததும் சிரித்தான்.

"ரெண்டு மாசமா மனுவே வரலியேன்னு கெடந்தேன். ஏளா, இன்னைக்கு என்னத்தச் சொல்லி உள்ள வந்த?"

பெண் காவலர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

"விழுந்து கும்பிட்டுக்க பிள்ள" என்றாள் சுடலி. "எங்க ரெண்டு பேருகிட்டயும் இப்பவே வாங்கிக்க."