சாட்சிக்கு ஒரு கை

தாண்டவராயன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு பீப்பாய் முன்னால் வந்து நின்றார். மேனேஜர் ரகுபதி தலையசைத்ததும் வலது கையை எண்ணெய்க்குள் விட்டு நிதானமாகத் துழாவினார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர்போல முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா டாக்டர்? இதுக்குப் போய் கிளவுஸ் கேக்கறாங்க" என்றார் ரகுபதி.

தொண்ணூற்றொன்றில் ஒரகடம் சாலையில் இருந்ததே நாலைந்து ஷெட்டுகள்தான். அதில் ஒன்று இந்தப் பூச்சிமருந்து கம்பெனி. விஷத்துக்கு ஒரு பீப்பாய், அதன் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் எண்ணெய்க்கு ஒரு பீப்பாய். தொழிலாளர்கள் அந்த எண்ணெயை பூஸ்டர் என்பார்கள்.

விஷப் பீப்பாயைத் தொடுகிறவர்களுக்கு ரப்பர் கையுறை உண்டு. பூஸ்டரை மொண்டு விஷத்தில் ஊற்றிக் கலக்குகிறவர்களுக்குக் கிடையாது. பூஸ்டரில் தனியாக ஓர் எறும்புகூடச் சாகாது என்பது ரகுபதியின் வாதம். அதுவும் உண்மைதான்.

சங்கத்து சாம்சன் விடவில்லை. மனு மேல் மனு போட்டு, சென்னையிலிருந்து டாக்டர் சத்யப்பிரியாவை வரவழைத்துவிட்டான். கையுறை வேண்டுமா வேண்டாமா என்று அவர் இன்று சொல்வதுதான் முடிவு.

சத்யப்பிரியா பொறுமையாக விளக்கினார். விஷம் உள்ளே போனால் பூச்சியின் உடம்பு அதை முறிக்கப் பார்க்கும். இந்த எண்ணெய் முறிக்க விடாமல் தடுக்கும். பூச்சிக்குச் செய்கிற வேலையை மனுஷனுக்கும் செய்யாது என்று எப்படி நம்புவது?

ரகுபதி சிரித்தார். புத்தகம் எதற்கு, சாட்சியே எதிரில் நிற்கிறதே என்றார். கலவைத் தொட்டி பக்கம் இவரைவிட அதிக நாள் நின்றவர் யாருமில்லை, இவருக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டார்.

சுற்றி நின்ற தொழிலாளர் கூட்டத்தில் சாம்சன் பல்லைக் கடித்தான். எந்த அதிகாரி வந்தாலும் இந்தக் கை பீப்பாய்க்குள் போகும், அவரும் வண்டியேறிப் போய்விடுவார். அதனாலேயே தாண்டவராயனோடு ஒருவரும் பேசுவதில்லை. முதலாளியின் எடுபிடி என்று ஒதுக்கிவிட்டார்கள்.

டீ நேரத்தில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். கொதிக்கக் கொதிக்க வரும் டீயை மற்றவர்கள் துண்டில் சுற்றிப் பிடித்து ஊதிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். இவர் கிளாஸை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு, அது ஒன்றுதான் துணை என்பதுபோல் உட்கார்ந்திருப்பார். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

வடக்குப்பட்டில் இருக்கும் வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். மனைவி கங்கா போய்ச் சேர்ந்தபிறகு அவரே பொங்கி, அவரே தின்று, சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டியதுதான். நாலு பேர் அவரைத் திரும்பிப் பார்ப்பது இந்தப் பீப்பாய் முன்னால் நிற்கும்போது மட்டும்தான். அதற்காகவே ரகுபதி கூப்பிட்டால் ஓடி வருவார்.

சத்யப்பிரியாவிடம் வேறு ஆதாரம் இல்லை. மனசில்லாமல் பேனாவைத் திறந்தவர், கடைசியாக ஒருமுறை தாண்டவராயன் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நிஜமாவே உங்களுக்கு எரியலையா?"

யாராவது கேட்டால் 'இல்ல' என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி ரகுபதி பழக்கியிருந்தார். ஆனால் இதுவரை வந்தவர்கள் ரகுபதியிடம்தான் கேட்டார்கள், இவரிடம் யாரும் கேட்டதில்லை. அதுவும் ஐயா என்று. தாண்டவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்லம்மா" என்றார். அத்தோடு நிறுத்த மனம் வரவில்லை. எண்ணெய் சொட்டும் கையை டாக்டர் முன்னால் பெருமையாக நீட்டினார்.

"பூஸ்டர் இன்னாம்மா, கொதிக்கிற சோத்துப் பானையவே வெறுங்கையால எறக்குவேன். ரெண்டு வருசமா இந்தக் கைக்கு எதுவுமே சுடறதில்ல."