மருந்து நனையக் கூடாது

அடுத்தடுத்துக் கொட்டிய மார்கழி மழையில் வைப்பாறு கரையை முட்டி ஓடியது. "தண்ணி ஊருக்குள்ள வந்துரும், மாடிக்குப் போயிருங்க" என்று வீடுவீடாகச் சொல்லிவந்த தலையாரி செல்லப்பாண்டி, தங்கப்பாண்டியன் வீட்டு வாசலில் நின்றார். கீழறையில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஆத்தா இருமினாள்.

"ஏளா கற்பகம், முதல்ல மருந்தை மாடிக்கு ஏத்து! ஒரு சொட்டு படக் கூடாது!" என்று மனைவியை விரட்டினான் தங்கப்பாண்டியன்.

"ஏத்தியாச்சுங்க. கம்பளி போட்டு மூடியும் வச்சாச்சு."

தலையாரி தன் மகனை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

"பெத்தவ மேல எம்புட்டுப் பாசம் வச்சிருக்கீக அண்ணாச்சி! ஆத்தாளைத் தூக்க நானும் ஒரு கை பிடிக்கேன்."

"எங்கன தூக்க? மாடி பூரா பட்டாசு மருந்து மூட்டைல்லா கெடக்கு" என்றான் தங்கப்பாண்டியன். "மருந்து நனைஞ்சா வெடிக்காது. ஆத்தா நனைஞ்சா துவட்டிக்கிடலாம்."