மழை நாள் பந்தயம்

“காஞ்ச ரோட்டுல என் சிவப்புக் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூணரை செகண்டு போதும்யா,” என்றார் ஃபோல்க்மார்.

“என் மஞ்சள் காருக்கு மூணே முக்கால். ஒத்துக்கறேன்,” என்றார் பக்கத்து வீட்டு எக்கார்ட். “ஆனா மழையில உன் சக்கரம் வழுக்கிக்கிட்டு நிக்கும். நாலு சக்கரமும் இழுக்குற என் கார் பறந்துடும்.”

“கிழிச்சுது! என் டயரைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?”

“அப்ப பந்தயம் வெச்சுக்கலாமா? தோத்தவன் ஒரு வருஷம் ஜெயிச்சவன் காரைக் கழுவணும். தெருவே பாக்கணும்.”

“மழை வரட்டும், பாத்துடலாம்.”

“இப்பவே கொட்டுதே!”

ஃபோல்க்மார் வானத்தைப் பார்த்தார். குரல் தணிந்தது. “இன்னிக்கு வேண்டாம்யா. நேத்துதான் காருக்கு மெழுகு பூசினேன். ஒரு சொட்டு பட்டாலும் போச்சு.”

“நல்லவேளை, நீயே சொல்லிட்டே. நானும் போர்வை போத்தி ஷெட்டுல பூட்டிட்டுதான் வந்தேன்.”

தண்ணீரை வாரியிறைத்தபடி ஸ்டுட்கார்ட் நகரப் பேருந்து ஒன்று அவர்கள் காத்திருந்த நிறுத்தத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் குண்டுலா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

“ஏறுங்க, ஏறுங்க. எட்டு வருஷமா மழை பேஞ்சா உங்க ரெண்டு காரையும் ஜெயிக்கிறது என் பஸ்தான்!”