எலுமிச்சைத் தோல்

அடுக்குமாடியின் அடித்தளத்தில் ஒரு பந்தயக் காரும் பழைய ஸ்கூட்டரும் அருகருகே நின்றன. இரண்டும் தேவநாதனுடையவை. காரை வாங்க அவர் வீட்டுமனையை விற்றிருந்தார்.

பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கிய அன்று, "நான் முன்னூறு கிலோமீட்டர் வேகத்துல போவேன், தெரியுமா?" என்றது கார்.

"எங்க?" என்று கேட்டது ஸ்கூட்டர்.

காருக்குக் கோபம் வந்துவிட்டது.

அதன் உறுமலுக்குப் பயந்து, குடியிருப்போர் சங்கம் அந்த வாரமே வாசலில் வேகத்தடை போட்டது. ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பிய காரின் அடிவயிறு அதில் உரசியது. தேவநாதன் பதறிப்போய் ரிவர்ஸ் எடுத்தார். அதன்பிறகு ஞாயிறுதோறும் பேட்டரி செத்துவிடாமலிருக்கப் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்வார், துடைப்பார், உறை போர்த்துவார். அப்புறம் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிடுவார்.

ஒரு வருடம் போயிற்று. ஒருநாள் ஸ்கூட்டர் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தது.

"ரெண்டு பேரும் எங்க போனீங்க?"

"ஆத்துப்பாலம் வரைக்கும். நல்ல மழை. வழியெல்லாம் பாடிக்கிட்டே வந்தார்."

"அவர் பாடுவாரா?" என்றது கார்.

பிறகு கார் தயங்கித் தயங்கிக் கேட்டது: "என் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பாரேன். அன்னைக்கு நசுக்கின எலுமிச்சைத் தோல் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கா?"

ஸ்கூட்டர் பார்த்தது. டயரின் பள்ளத்தில் அது காய்ந்து, கறுத்து, அப்படியே இருந்தது.

"இல்லையே," என்றது ஸ்கூட்டர். "ஓடின ஓட்டத்துல அது எப்பவோ தேஞ்சுபோச்சு."